"அப்பா" என்னும் சொல்: பிறப்புறவும் சுவிகாரமும்

புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வரும் ஒரு சிறு சொல், தமிழ்த் திருச்சபையின் அருளுரைகளில் தன் அளவுக்கு மிஞ்சிய சுமையைத் தாங்கி நிற்கின்றது. மாற்கு 14:36, உரோமர் 8:15, கலாத்தியர் 4:6 ஆகிய இடங்களில் காணப்படும் "அப்பா" என்னும் அரமேயச் சொல்லே அது. இச்சொல்லை முன்னிட்டு நம் மேடைகளில் இரண்டு கூற்றுகள் அடிக்கடி எழுகின்றன. "இயேசு பெருமான் தம் தாய்மொழியில் இறைவனை அப்பா என்று விளித்தார், நாமும் நம் தந்தையரை அப்பா என்கிறோம், ஆகவே அரமேயத்துக்கும் தமிழுக்கும் பிறப்புறவு உண்டு" என்பது ஒன்று. "அப்பா என்பது பால்மணம் மாறாத குழந்தையின் மழலை, ஆகவே நாமும் மன்றாட்டில் குழந்தையைப் போலக் கொஞ்சிப் பேசுதல் வேண்டும்" என்பது மற்றொன்று. முன்னது மொழிப்பற்றாலும் பின்னது பக்திப் பெருக்காலும் எழுவன. இரண்டும் கேட்போர் உள்ளத்தைத் தொடுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் உள்ளத்தைத் தொடுவதெல்லாம் உண்மையாகிவிடாது.

இவ்விரு கூற்றுகளும் ஒரே அடிப்படையில் நிற்கின்றன. ஒரு சொல்லின் பொருளை அதன் பிறப்பிடத்தில் தேடுவதே அவ்வடிப்படை. ஒருவர் மொழிக்குலத்தின் வேரில் தேடுகிறார். மற்றவர் தொட்டிலில் தேடுகிறார். ஆகவே அச்சொல்லின் பிறப்பைப் பற்றி மொழியியல் கூறுவதை முதலில் ஆராய்ந்து, பின்னர் திருமறை ஆசிரியர்கள் அதனை எவ்விடத்தில், எப்பொருளில் வழங்கினர் என்று நோக்குவோம். அவ்வாறு நோக்கும்போது, இக்கூற்றுகள் மொழியியலுக்கு மட்டுமன்றிப் பவுலடியாரின் கருத்துக்கும் மாறானவை என்பது விளங்கும்.

எழுத்து மறைத்த வேற்றுமை

அரமேய அப்பாவும் தமிழ் அப்பாவும் உண்மையில் எவ்வளவு ஒத்தவை? கிரேக்கத் திருமறையில் இச்சொல் "பீட்டா" என்னும் எழுத்தை இரட்டித்து எழுதப்பட்டுள்ளது. "பந்தம்", "பலம்" என்னும் வடசொற்களின் முதலில் நாம் ஒலிக்கும் அதிர்வொலியே அதன் நடுவில் இரட்டித்து நிற்பது. தமிழ் "அப்பா"விலோ "பல்", "பசு" என்னும் சொற்களில் வரும் வல்லொலியே உண்டு. இவ்விரண்டு ஒலிகளையும் வேறுபடுத்திக் காட்டத் தமிழ் நெடுங்கணக்கில் தனித்தனி எழுத்து இல்லை. ஆதலின் அரமேயச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிய அளவிலேயே அது நம் வீட்டுச் சொல்லின் உருவத்தை முழுமையாகப் பெற்றுவிடுகிறது. நாம் வியக்கும் ஒற்றுமையில் ஒரு பங்கு, மொழிகளின் ஒற்றுமை அன்று. நம் எழுத்து முறையின் விளைவு.

இறுதியில் நிற்கும் நெடில் இன்னும் நோக்கத்தக்கது. தமிழில் "அப்பன்" என்பது பெயர். "அப்பா" என்பது அதன் விளி. அன் ஈற்றுப் பெயர் விளியில் ஆகாரம் பெறும் என்பது நம் இலக்கண மரபு. முருகன் முருகா எனவும் கண்ணன் கண்ணா எனவும் ஆவது போன்றதே இது. அரமேயத்திலோ இறுதி ஆகாரம் விளியுருபு அன்று. அது பெயரை வரையறுத்துக் காட்டும் ஈறு. "அப்" என்றால் தந்தை. "அப்பா" என்றால் "அந்தத் தந்தை". வரையறுத்த அவ்வடிவமே அழைக்கும்போதும் வழங்கிற்று. இதனாலேயே கிரேக்கத்தில் இச்சொல்லை அடுத்து, விளிவடிவத்துக்கு மாறாக, சுட்டடையுடன் கூடிய எழுவாய் வடிவம் நிற்கின்றது. இரண்டு மொழிகளும் இரண்டு வெவ்வேறு வழிகளில் நடந்து ஒரே நெடிலில் வந்து முடிந்தன.

இனி அடிச்சொற்களைப் பார்ப்போம். அரமேயச் சொல் செமித்தியக் குடும்பத்தது. அக்காதியத்தில் "அபு", எபிரேயத்தில் "ஆப்", அரபியிலும் பண்டை எத்தியோப்பிய மொழியிலும் "அப்" என அது வழங்குகிறது. தமிழ்ச் சொல்லுக்கும் தன் உடன்பிறப்புகள் உண்டு. மலையாளத்தில் "அப்பன்", கன்னடத்தில் "அப்ப" என வழங்குவது நாம் அறிந்ததே. ஆனால் துளுவில் "அப்பெ" என்பது தாயைக் குறிக்கும் என்பதை நம்மில் பலர் அறியார். நம் சொல்லின் நெருங்கிய சுற்றத்திலேயே ஓருருவம் தாயின்மேல் நிற்கும்போது, கலிலேயாவிலுள்ள ஒரு சொல்லோடு ஒலியை மட்டும் கொண்டு உறவு பேசுவது எங்ஙனம் பொருந்தும்?

மொழிகள் தரும் சாட்சி

அப்படியாயின் இவ்வொற்றுமை எவ்வாறு வந்தது என்ற வினா எழும். இதற்கு விடை தமிழிலும் இல்லை, அரமேயத்திலும் இல்லை. உலக மொழிகளின் பரப்பில் உள்ளது.

கொரிய மொழியில் பிள்ளைகள் தந்தையை "அப்பா" என்றே அழைக்கின்றனர். அங்கேரிய மொழியில் தந்தை "அபா". துருக்கியர்க்கும், சீனர்க்கும், கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி பேசுவோர்க்கும் தந்தை "பாபா". இம்மொழிகள் ஒன்றோடொன்று குடும்ப உறவு நிறுவப்படாதவை. ஒலி ஒற்றுமையே உறவுக்குச் சான்று எனின், இவை அனைத்தையும் ஒரே குடும்பமாக்க வேண்டும். அவ்வாறு ஆக்க முற்படுவோர் எதிர்ச் சான்றுகளையும் ஏற்க வேண்டியவராவர். சிலாவிய மொழிகளில் "பாபா" என்பது பாட்டியை அல்லது முதியவளைக் குறிக்கும். ஜார்ஜிய மொழியில் "மாமா" என்றால் தந்தை. அம்மொழியினர் ஆண்டவர் கற்பித்த மன்றாட்டை "மாமாவோ" என்றே தொடங்குகின்றனர். ஆஸ்திரேலியப் பாலை நிலத்துப் பிட்ஜன்ஜாரா மக்களுக்கும் "மாமா" தந்தையே. நமக்கோ அவர் தாயுடன் பிறந்தவர். ஜப்பானியத்தில் இன்று "ஹஹ" எனத் தாயைக் குறிக்கும் சொல் பண்டு "பப" என ஒலித்தது என்பது ஒலி வரலாற்று அறிஞர் முடிபு. நம் மொழியிலேயே "பாப்பா" குழந்தையைக் குறிக்கும். இலத்தீனில் "பாப்பா" என்பது திருத்தந்தையின் பட்டமாயிற்று. கத்தோலிக்கத் தமிழர் "பாப்பு", "பாப்பரசர்" என்று வழங்குவது அதன் வழிவந்ததே. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் உரோமையில் வீற்றிருக்கும் ஆயரும் ஓரொலியில் அடங்குவது வேரின் ஒற்றுமையால் அன்று.

இதற்குரிய விளக்கத்தை மொழியியலறிஞர் உரோமன் யாக்கப்சன் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் தந்தார். மானிடவியலறிஞர் ஜார்ஜ் மர்டாக், தாய் தந்தையரைக் குறிக்கும் 1,072 சொற்களைப் பல மொழிகளினின்றும் திரட்டியிருந்தார். தாயைக் குறிக்கும் சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை மகரம், னகரம் முதலிய மூக்கொலிகளைக் கொண்டவை எனவும், தந்தையைக் குறிப்பவற்றில் அவை குறைவு எனவும் அத்திரட்டு காட்டிற்று. குழந்தையின் வாய்க்கு முதலில் எளிதாவன இதழொலிகளும் பல்லொலிகளும் ஆகும். பாலருந்தும்போது வாய் அடைபட்டிருக்க, மூக்கின் வழியே எழும் முனகல், பின்னர்ப் பாலையும் தாயையும் நாடும் குரலாகிறது. அதற்கு மாறான "ப", "த" ஒலிகள் அருகில் நிற்கும் மற்றவர்க்கு உரியனவாகின்றன. குழந்தை பொருளற்று ஒலிக்கிறது. அவ்வொலியைப் பெற்றோர் தம் பெயராக ஏற்றுக்கொள்கின்றனர். ஒவ்வொரு மொழியிலும் தொட்டிலருகே இது புதிதாக நிகழ வல்லது. தமிழில் அத்தனும் அத்தாவும், துருக்கியில் "அதா"வும், கோதிய மொழியில் "அத்தா"வும் தந்தையைக் குறிப்பதற்கும் இதுவே காரணம்.

எனவே "அப்பா" என்னும் ஒலி எங்கும் காணப்படுவது, எல்லா மொழிகளும் தமிழினின்றோ எபிரேயத்தினின்றோ பிறந்தன என்பதற்குச் சான்றாகாது. எல்லா மக்களின் குழந்தைகளுக்கும் ஒரே வகையான இதழும் நாவும் படைக்கப்பட்டுள்ளன என்பதற்கே அது சான்றாகும். இறையியலாளர்க்கு அவ்வுண்மை சிறியதன்று.

உண்மை உறவின் அடையாளம்

மொழியுறவு எவ்வாறு நிறுவப்படும் என்பதை அறியத் தமிழ்க் கிறித்தவர் வெளியே செல்ல வேண்டியதில்லை. இடையன்குடியில் ஊழியம் செய்த இராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நம் திருச்சபையின் கொடைகளுள் ஒன்று. அந்நூலிலேயே இரண்டு வகை வேலைகள் உள்ளன. திராவிட மொழிகளைத் தம்முள் ஒப்பிட்டு, ஒலி மாற்றங்களும் வேற்றுமையுருபுகளும் வினைவிகுதிகளும் ஒழுங்காக ஒத்து வருவதை அவர் காட்டினார். அது இன்றும் நிற்கின்றது. திராவிடச் சொற்களைச் செமித்திய மொழிகள் உள்ளிட்ட பிறமொழிச் சொற்களோடு வரிசைப்படுத்திப் பட்டியல்களையும் தந்தார். திராவிடத்தைச் சித்திய மொழிகளோடு சேர்க்கவும் முயன்றார். அவற்றைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. ஒழுங்கின்மேல் கட்டியது நிலைத்தது. ஒற்றுமையின்மேல் கட்டியது நிலைக்கவில்லை.

ஒழுங்கு என்பது யாது? வடமொழியில் "பிதா", கிரேக்கத்தில் "பாட்டேர்", இலத்தீனில் "பாட்டெர்", ஆங்கிலத்தில் "ஃபாதர்", அர்மேனியத்தில் "ஹாயர்", அயர்லாந்து மொழியில் "அதிர்" என்பன ஒரே முதற்சொல்லின் வழிவந்தவை. அர்மேனியரும் அயர்லாந்தினரும் கூறுவது நம் செவிக்குப் "பிதா"வைப் போல ஒலிக்கவில்லை. ஆயினும் ஒரு மொழியின் பகரம் மற்றொன்றில் ஃபகரமாகவும், வேறொன்றில் ஹகரமாகவும், பிறிதொன்றில் கெட்டும் வருவது இச்சொல்லில் மட்டுமன்றிப் பிற சொற்களிலும் ஒழுங்காக நிகழ்கின்றது. அவ்வொழுங்கே உறவின் சான்று. உறவுடைய சொற்கள் ஒலியால் பிரிந்து நிற்க, உறவில்லாத சொற்கள் ஒலியால் ஒன்றி நிற்பது மொழிகளின் இயல்பு.

உறவின்றியும் ஒரு மொழிச் சொல் மற்றொன்றிற் குடிபுகலாம். 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பல்கள் கொணர்ந்த மயில்களைக் குறிக்கும் எபிரேயச் சொல் "தோகை" என்னும் தமிழ்ச் சொல்லோடு தொடர்புடையது என்பது பலர் ஏற்ற கருத்து. அதற்கு ஒரு பறவை உண்டு, ஒரு கப்பல் உண்டு, ஒரு கடல்வழி உண்டு. தந்தையை அழைக்கும் சொல்லுக்கு அப்படி ஒரு வழியைக் காட்டுவார் இலர். எந்த வீட்டாரும் தம் தந்தையின் பெயரைக் கப்பலில் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

மழலையோ?

இரண்டாம் கூற்றுக்கு வருவோம். செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் 1966இல் "அப்பா" என்னும் பெயரிலேயே நூல் வெளியிட்டார். யூதர் தம் மன்றாட்டுகளில் இறைவனை இவ்வாறு விளிக்கவில்லை எனவும், இச்சொல் குழந்தை வழக்கினின்று பிறந்தது எனவும் அவர் கொண்ட கருத்து உலகெங்கும் பரவி, மேடைகளில் "டாடி" என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிற்று. ஆயினும் இயேசு சிறு குழந்தையின் மொழியில் பேசினார் என்று கொள்வது பேதைமை என்று எரேமியாஸே பின்னர் எழுதினார் என்பதை மேடைகள் கேட்கவில்லை. ஜேம்ஸ் பார் 1988இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே "அப்பா என்பது டாடி அன்று" என்பதாகும். அவர் காட்டும் சான்று எளியது. கிரேக்கத்தில் குழந்தைகள் தந்தையை அழைக்க "பப்பாஸ்" என்னும் சொல் இருந்தது. ஓமரின் ஒடிசி காவியத்திலேயே அது வருகிறது. மழலையே கருதப்பட்டிருப்பின் நற்செய்தியாளர் அச்சொல்லை வழங்கியிருக்கலாம். அவர்கள் வழங்கியது "பாட்டேர்" என்னும் முதிர்ந்த சொல்லையே.

அரமேயம் பேசிய யூதரிடையே வளர்ந்த மக்களும் தந்தையை அப்பா என்றே அழைத்தனர். மாற்கு நற்செய்தியின் அடுத்த அதிகாரத்திலேயே சிறையிலிருக்கும் கலகக்காரன் ஒருவனின் பெயரில் அச்சொல் மறைந்துள்ளது. "பரபாஸ்" என்றால் "அப்பாவின் மகன்". மதிப்புக்குரிய ஆசிரியர்க்கும் அது பட்டமாக வழங்கிற்று. பாபிலோனியத் தல்மூதில் ஒரு செய்தி உண்டு. மழை பொய்த்தபோது அறிஞர்கள் பள்ளிச் சிறுவரை அனான் என்னும் பெரியவரிடம் அனுப்புவர். அவர்கள் அவர் ஆடையைப் பற்றிக்கொண்டு, "அப்பா, அப்பா, மழை தாரும்" என்பர். அவரோ இறைவனை நோக்கி, மழை தரும் அப்பாவுக்கும் மழை தர இயலாத அப்பாவுக்கும் வேற்றுமை அறியாத இச்சிறுவர் பொருட்டு இரங்கும் என வேண்டுவார். யூத சமயம் இறைவனைத் தந்தையாக அறியாது தொலைவில் நின்றது என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். இச்செய்தி அப்பேச்சை நிறுத்தவேண்டும். இயேசுவை உயர்த்துவதற்காக அவர் மக்களைத் தாழ்த்துதல் நற்செய்தியாகாது.

தமிழ் வழக்கும் இதையே காட்டும். முதியவரான திருநாவுக்கரசரைச் சிறுவரான சம்பந்தர் "அப்பரே" என்றழைத்தார் என்பது சைவ மரபு. அப்பெயர் மழலையாக அன்று, பெருமதிப்பாக நிலைத்தது. செட்டிநாட்டில் "அப்பச்சி" தந்தை. கொங்கு நாட்டில் "அப்பாரு" தந்தையின் தந்தை. தாய் தன் பிள்ளையையும் "வாப்பா" என்பாள். நண்பன் நண்பனை "என்னப்பா" என்பான். களைத்தவன் ஒருவரையும் அழையாமலே "அப்பாடா" என்பான். ஒரே ஒலி இத்தனை இடங்களில் இத்தனை பொருள் தருமாயின், பொருள் ஒலியில் உறைவதன்று. யார், யாரை நோக்கி, எந்நிலையில் கூறுகின்றார் என்பதில் உறைகின்றது.

"தந்தை" என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் "எந்தை" என்றால் என் தந்தை, "நுந்தை" என்றால் உன் தந்தை, "தந்தை" என்றால் அவர்தம் தந்தை. வேரின்படி நோக்கின், இறைவனைத் "தந்தையே" என்று விளிப்பவன் "அவர்களுடைய அப்பாவே" என்று அந்நியனைப்போல் அழைக்கிறான் என்றாகும்! அவ்வாறு எந்தத் தமிழரும் உணர்வதில்லை, உணரவேண்டியதும் இல்லை. வேர்ப்பொருள் மறைந்து வழக்குப்பொருளே வாழ்கின்றது. ஜேம்ஸ் பார் 1961இல் திருமறை மொழியின் சொற்பொருள் பற்றி எழுதிய நூலில் இறையியலாளர்க்கு விடுத்த எச்சரிக்கையும் இதுவே: சொல்லின் வேரைத் தோண்டி எடுப்பது அச்சொல் நின்ற வாக்கியத்தின் பொருளாகிவிடாது.

ஏன் மொழிபெயர்க்கவில்லை?

இனித் திருமறையின் வாக்கியங்களுக்கே செல்வோம். உரோமையிலும் கலாத்தியாவிலும் இருந்த திருச்சபைகளின் மன்றாட்டு மொழி கிரேக்கம்; அவற்றில் அரமேயம் அறியாதார் பலர். அவர்களுக்கு எழுதும்போது பவுலடியார் அரமேயச் சொல்லை அப்படியே வைத்து, கிரேக்கச் சொல்லை அதனோடு இணைக்கிறார். "ஆமென்", "ஓசன்னா", "மாரநாதா" என்பன போல அதுவும் அச்சபைகளின் வழிபாட்டில் முன்னமே பழகியிருந்தது எனக் கொள்ளலாம். கிரேக்கத்தில் தந்தையைக் குறிக்கும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் அயல்மொழிச் சொல்லை அவர்கள் காத்ததன் காரணம், அது இயேசு பெருமானின் வாயில் பிறந்த மன்றாட்டின் நினைவு என்பதே. வேறொரு காரணம் பொருத்தமாகத் தோன்றவில்லை. மாற்கு அந்நினைவைக் கெத்செமனேயில் வைக்கின்றார். இதே இடத்தை எழுதும் மத்தேயுவும் லூக்காவும் கிரேக்கச் சொல்லை மட்டும் வழங்க, மாற்கு ஒருவரே அரமேயச் சொல்லைக் காத்தார்.

மாற்கு வேறு அரமேயச் சொற்களையும் தருகின்றார்: தலீத்தாகூமி, எப்பத்தா, எலோயீ. அவற்றையெல்லாம் படிக்கும் தமிழ் வாசகர் ஓர் அயல்குரலைக் கேட்கிறார். ஒரு கணம் நின்று, "இது அவர் பேசிய மொழி" என்று உணர்கிறார். அவ்வாறு நில்லாமல் நாம் கடந்து செல்லும் ஒரே சொல் "அப்பா". கிரேக்கரும் இலத்தீனியரும் ஆங்கிலேயரும் அச்சொல்லில் கலிலேயாவின் குரலைக் கேட்டனர். நாம் நம் வீட்டுக் குரலைக் கேட்கிறோம். ஒலி ஒற்றுமை நமக்குத் தந்த நெருக்கத்துக்கு நாம் செலுத்தும் விலை இது.

இவ்விடத்தில் நம் மொழிபெயர்ப்புகளை மதிப்பிடுதல் தகும். 1871இல் பவர் ஐயர் முதலியோரின் உழைப்பால் முழுமையாக வெளிவந்து இன்றும் நம் சபைகளில் வழங்கும் மொழிபெயர்ப்பு, "அப்பா பிதாவே" என்கின்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், "அப்பா, தந்தையே" என்கின்றது. பின்னதன் தமிழ் தூயது என்பதில் மறுப்பில்லை. ஆயினும் இரண்டும் தமிழாகிவிட்ட அத்தொடரில், இரண்டு மொழிகள் அருகருகே நிற்கும் நிலை முற்றும் மறைந்து, ஒரே கருத்தை இருமுறை கூறியது போன்ற தோற்றம் எஞ்சுகின்றது. முன்னதிலோ எதிர்பாராத ஒரு நேர்மை உண்டு. "பிதா" என்பது வடசொல்; அது கிரேக்கப் "பாட்டே"ரின் உடன்பிறப்பு. எனவே பழைய மொழிபெயர்ப்பில் இரண்டாம் சொல் மூலத்தோடு பிறப்புறவே உடையது. இரண்டு மொழிகளின் இணைவும் செவிக்குத் தப்புவதில்லை. ஆனால் வரிசை தலைகீழாயிற்று. கிரேக்க வாசகர்க்கு முதற்சொல் அயலது, இரண்டாவது வீட்டுச் சொல். தமிழ் வாசகர்க்கு முதற்சொல் வீட்டுச் சொல்லாகவும் இரண்டாவது ஆலயத்துச் சொல்லாகவும் ஒலிக்கின்றன.

இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று நான்காம் நூற்றாண்டில் நடந்தது. கோதியருக்குத் திருமறையைப் பெயர்த்த ஊல்ஃபிலா, ஆண்டவர் கற்பித்த மன்றாட்டிலும் பிற இடங்களிலும் தந்தைக்கு "அத்தா" என்னும் வீட்டுச் சொல்லையே வழங்கினார். நமக்குக் கிடைத்துள்ள கோதிய ஏடுகளில் "ஃபாதர்" என்னும் பழஞ்சொல் ஒரே ஒருமுறைதான் வருகின்றது; அது கலாத்தியர் 4:6இல், "அப்பா" என்பதன் அருகே. வீட்டுச் சொல்லுக்கும் அயற்சொல்லுக்கும் இடையே வேற்றுமை கெடலாகாது என்று அவர் கருதியிருத்தல் கூடும். நம் மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வழி இல்லை எனினும், "இது இயேசு பேசிய அரமேயச் சொல்" என்னும் ஓரடிக்குறிப்பு எல்லாத் தமிழ்ப் பதிப்புகளிலும் இருத்தல் வேண்டும். அருளுரையாளரும் அதனை வாய்விட்டுக் கூறுதல் வேண்டும்.

சுவிகாரம்

இறுதியாக ஒன்று. பவுலடியார் இச்சொல்லை எப்பொருளின் நடுவே வைக்கின்றார்? இரண்டு இடங்களிலும் அவர் பேசுவது புத்திர சுவிகாரத்தைப் பற்றி. பிறப்பால் மக்களல்லாதவர் மக்களாக ஏற்கப்படுதலையே அவர் பேசுகின்றார். உரோமையருக்கு இது நன்கு அறிந்த வழக்கு. அந்நிருபம் எழுதப்பட்ட காலத்தில் அரியணையில் இருந்த நீரோ, கி.பி. 50இல் கிலவுதியு மன்னனால் சுவிகாரம் செய்யப்பட்டவன். சுவிகாரம் என்பது கொஞ்சுதல் அன்று. பெயரும் உரிமையும் பொறுப்பும் மாறுதல். ஆகவேதான் பவுல் அடுத்த வாக்கியங்களில் சுதந்தரத்தைப் பற்றியும், கிறிஸ்துவோடு பாடுபடுதலைப் பற்றியும் கூறுகின்றார். ஆவியினால் நாம் அச்சொல்லைக் "கூப்பிடுகிறோம்" என்கிறார். அவர் வழங்கும் கிரேக்க வினை உரத்த கூக்குரலைக் குறிப்பது. கெத்செமனேயில் அச்சொல்லை உரைத்தவர் தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்துக்கு ஒப்புக்கொடுத்தார். அங்கே மழலை இல்லை. மரண வேதனையிலும் கீழ்ப்படிந்த மகனின் குரல் உண்டு.

இவ்வொளியில் முதற்கூற்றின் குறை முழுமையாக விளங்கும். "நம் மொழிக்கும் இயேசுவின் மொழிக்கும் பிறப்புறவு உண்டு, ஆகவே அப்பா என்பது நமக்கு உரியது" என்போர், பிறப்புறவு இல்லாதவர்க்கு உரிமை தரும் வாக்கியத்தையே பிறப்புறவுக்குச் சான்றாக நிறுத்துகின்றனர். பவுல் எந்த வாயிலை அடைத்தாரோ, அந்த வாயிலின் வழியே நுழைய முயல்கின்றனர். பிறப்பைக் கேட்டு உறவைத் துணியும் பழக்கம் நம் சமுதாயத்தில் எத்தனை ஆழமானது என்பதையும், அது திருச்சபையின் திருமண மேடைகளையும் கல்லறைத் தோட்டங்களையும் கூட விட்டுவைக்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். சொற்களுக்குக் குலம் தேடும் ஆர்வம் மனிதர்க்குக் குலம் தேடும் ஆர்வத்தினின்றும் வெகு தொலைவில் இல்லை.

மற்றொன்றும் ஆயர்கள் கருதத்தக்கது. நம் சபைகளில் அமர்ந்திருப்போர் எல்லாருக்கும் "அப்பா" இனிய சொல் அன்று. குடித்து வந்து அடித்த தந்தையின் பிள்ளைகளும், தந்தையால் கைவிடப்பட்ட பிள்ளைகளும் அங்கே உளர். "உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள், கடவுளும் அப்படியே" என்னும் அருளுரை அவர்களுக்குக் கதவை அடைக்கும். அச்சொல்லின் பொருள் நம் வீடுகளினின்று வருவதாயின் அவர்களுக்கு நற்செய்தி இல்லை. அது கெத்செமனேயில் மன்றாடியவரின் வாயினின்று வருவதாயின், தந்தையை அறியாதவர்க்கும் அது புதிதாகக் கற்றுக்கொள்ளக் கூடியது. கலாத்தியர் அதனை அயல்மொழியாகவே கற்றனர்.

தமிழ் அப்பாவும் அரமேய அப்பாவும் பிறப்பால் உறவினர் அல்லர். ஒன்று மற்றொன்றின் வீட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கின்றது. நம் மொழியின் சொல் ஒன்று, தான் பிறவாத ஒரு குடும்பத்தின் மன்றாட்டில் இடம் பெற்றிருக்கின்றது; அதனைச் சொல்லும் நாமும் அவ்வாறே. அடுத்த முறை உரோமர் எட்டாம் அதிகாரத்தை வாசிக்கும்போது, அச்சொல்லில் சற்றே நின்று, இது நம்முடையதன்று, நமக்குத் தரப்பட்டது என்று நினைவுகூர்ந்து வாசிப்போமாக.